தண்டோரா நின்றபின் ஊருக்கு எப்படிச் சேதி சொல்வது? மைக் செட், வாட்ஸ்அப், குரல் அழைப்பு, சமுதாய வானொலி: ஓர் ஒப்பீடு

2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார்: இனி ஊர்களில் தண்டோரா போட வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று. தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியின் தோளில் ஏற்றி வைத்திருந்த வேலை அது. நின்றது நியாயம். ஆனால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் பல ஊர்கள் இன்னும் தடுமாறுகின்றன. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா, ஏரி மதகு எப்போது திறக்கிறார்கள், கிராம சபையில் என்ன பேசப் போகிறார்கள், புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது... இதையெல்லாம் எல்லா வீட்டுக்கும் எப்படிக் கொண்டுபோவது?

ஊராட்சித் தலைவர்களும் மகளிர் குழுக் கூட்டமைப்புகளும் மீனவர் சங்கத்தாரும் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. மைக் செட் போடலாமா, வாட்ஸ்அப் குழு போதுமா, போனில் குரல் அழைப்பு அனுப்பலாமா, எஃப்.எம். நிலையம் வைக்கலாமா?" நான்கையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

கணக்குக்காக ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். டெல்டாவின் கடலோரப் பக்கம், 400 வீடு. ஊர் 600 மீட்டர் நீளம், 400 மீட்டர் அகலம். ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஆதிதிராவிடர் குடியிருப்பு. ஆண்களில் பலர் திருப்பூரிலும் வளைகுடாவிலும். விவசாயம், கொஞ்சம் மீன்பிடி, 100 நாள் வேலை.

## முதலில் அளவுகோல்

"எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: யாருக்குப் போய்ச் சேராது? நூற்றில் எண்பது வீட்டுக்கு எட்டும் என்றால் மீதி இருபது எந்தத் தெரு, எந்த வயது, ஆணா பெண்ணா என்று பெயர் சொல்லிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் விடுபடுகிறவர்கள் ஏற்கெனவே எல்லாவற்றிலும் விடுபட்டவர்களாகவே இருப்பார்கள்.

அடுத்து, மின்சாரமும் டவரும் இல்லாத இரவில் என்ன ஆகும்? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பம் விழுந்த சில மணி நேரத்தில் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும். ஊருக்குச் சேதி மிகவும் தேவைப்பட்ட நாட்களில் போன் வெறும் டார்ச் லைட்டாகத்தான் இருந்தது.

மூன்றாவது, தவறவிட்டவர் மறுபடி கேட்க முடியுமா? வயலில் இருந்தவர், குளிக்கப் போனவர், தூங்கியவர். நான்காவது, பதில் பேச வழி உண்டா? மேலிருந்து கீழே மட்டும் பேசும் கருவி அறிவிப்புப் பலகைதான். ஊர் கூடிப் பேசுவதற்கு அது உதவாது. ஐந்தாவது, மைக் யார் கையில்? சாவி, அட்மின், பாஸ்வேர்டு எதுவானாலும் கேள்வி ஒன்றே. கடைசியாக, இரண்டாம் வருடச் செலவு. முதல் வருடம் நிதி எங்கிருந்தாவது வந்துவிடும். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவும் எண்களைத் திருத்தவும் இரண்டாம் வருடம் ஆள் இருக்காது.

| | மைக் செட் | வாட்ஸ்அப் | குரல் அழைப்பு | சமுதாய வானொலி |
|---|---|---|---|---|
| விடுபடுகிறவர் | காது கேளாதோர், ஒலிபெருக்கிக் குழாய் எட்டாத தெரு, வெளியூரில் இருப்போர் | பட்டன் போன் வைத்திருப்போர், எழுத்துத் தெரியாதோர், சொந்த போன் இல்லாத பெண்கள் | போன் இல்லாதோர், தெரியாத எண்ணை எடுக்காதோர் | அந்த நேரத்தில் ரேடியோ போடாதவர் |
| வேகம் | உடனே | போனைப் பார்க்கும்போது | சுமார் கால் மணி முதல் அரை மணி நேரம் | நிகழ்ச்சி நேரத்தில்; அவசரத்துக்கு உடனே |
| கரண்ட், டவர் போனால் | பேட்டரி இருந்தால் ஓடும் | நின்றுவிடும் | நின்றுவிடும் | நிலையத்தில் ஜெனரேட்டர், வீட்டில் பேட்டரி ரேடியோ இருந்தால் ஓடும் |
| மறுபடி கேட்க | முடியாது | முடியும் | மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைக்கும் வசதி வைத்தால் முடியும் | மறுஒலிபரப்பில் |
| பதில் பேச | முடியாது | முடியும், சில சமயம் அளவுக்கு மீறி | வடிவமைத்தால் முடியும் | முடியும் |
| மறைந்திருக்கும் செலவு | பேட்டரி, யூனிட் (குழாயில் சத்தம் எழுப்பும் பாகம்), ஒயர் | அட்மின் நேரம், எண் மாற்றம் | எண் பட்டியல், பதிவு, பல்ஸ் (அழைப்பு நேரத்துக்கான கட்டண அலகு) | ஆள், சம்பளம், உரிமம் |

## மைக் செட்

பழைய கருவி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒழுங்காகப் போட்டால் நான்கிலும் இதுதான் அதிகம் பேரை, மிக வேகமாக, போனே இல்லாமல் எட்டும். 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி அருகே நல்லவாட்டில் நடந்தது பலருக்கும் தெரியும். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் அலை வருவதைத் தொலைபேசியில் சொன்னார்; எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் எழுந்து ஓடிப் பிழைத்தது. அதே திட்டத்தில் வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, கடற்கரையில் குழாய் கட்டி, கடலுக்குப் போகுமுன் வாசித்தார்கள். அந்தக் குழாய் சும்மா கிடக்காமல் தினமும் பேசிக்கொண்டிருந்தது. பழகிய குரல் என்பதால்தான் அவசர நேரத்திலும் ஊர் நம்பும்.

எத்தனை குழாய் வேண்டும்? தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். நல்ல யூனிட் 15 வாட்டில் 1 மீட்டரில் ஏறக்குறைய 118 டெசிபல் தரும். 100 மீட்டரில் அது 78, 200 மீட்டரில் 72, 400 மீட்டரில் 66. இது வெட்டவெளிக் கணக்கு. வீடு, மரம், எதிர்காற்று சேர்ந்தால் இன்னும் 5 முதல் 10 வரை போய்விடும். பகலில் தெருவின் இரைச்சலே 50, 55 இருக்கும். பேச்சு புரிய அதைவிட 10 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். ஆகவே ஒரு குழாய்க்கு 200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு நான்கு, குடியிருப்புக்கு இரண்டு. கோயில் உச்சியில் ஒரே இடத்தில் நான்கு குழாயைக் கட்டி முழு வால்யூம் வைப்பது பணத்தையும் பக்கத்து வீட்டாரின் பொறுமையையும் வீணாக்கும்.

ஒயர்தான் உயிர். திருவிழா மைக் செட்காரர்கள் 16 ஓம் யூனிட்டை நேரடியாக ஆம்பிளிஃபயரில் மாட்டுவார்கள். பந்தல் தூரத்துக்கு அது போதும். ஊர் முழுக்க இழுக்கும்போது 100 வோல்ட் லைன் முறையில்தான் (ஒயரில் வோல்டேஜைக் கூட்டி, கரண்டைக் குறைத்து அனுப்புவது) போட வேண்டும்: ஒவ்வொரு குழாயிலும் ஒரு லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர், அதில் 15 வாட் டேப் (குழாய் எவ்வளவு சக்தி எடுக்கும் என்று தேர்ந்தெடுக்கும் முனை). ஆறு குழாய்க்கு 90 வாட். 120 வாட் ஆம்பிளிஃபயர் போட்டால் முக்கால் பாரம். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

"குடியிருப்பு 700 மீட்டர் தள்ளி இருக்கு, ஒயர் எட்டாது" என்று பல ஊர்களில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள், 700 மீட்டர், போக வரச் சேர்த்து ஏறக்குறைய 17 ஓம். அங்கே இரண்டு குழாய், 30 வாட். 100 வோல்ட் லைனில் அது 333 ஓம் பாரம். ஒயரில் போவது 5 விழுக்காடு வோல்டேஜ்தான். காதுக்கு வித்தியாசமே தெரியாது. அதே ஒயரில் 16 ஓம் யூனிட்டை நேராக மாட்டினால் பாதிக்கு மேல் சக்தி ஒயரிலேயே தீர்ந்துவிடும். எட்டாமல் போவது போட்ட முறையின் கோளாறு. முறையை மாற்றினால் எட்டும். எட்ட வைக்க வேண்டும் என்று முதல் நாளே தீர்மானத்தில் எழுதிவையுங்கள்.

மின்சாரம். 12 வோல்ட் டி.சி.யிலும் ஓடும் ஆம்பிளிஃபயராக வாங்குங்கள். 100 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்று, சார்ஜர் ஒன்று. பாதி சார்ஜை மட்டும் பயன்படுத்தினாலும் விட்டுவிட்டுப் பேசும் அறிவிப்புக்குப் புயல் நாட்கள் முழுக்கப் போதும். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக மாற்றுவது இடையில் இன்னொரு பழுதாகும் பொருள்.

என்னென்ன கெடும்? மழைத்தண்ணீர் குழாய்க்குள் தேங்கி யூனிட்டின் டயஃப்ரம் போகும். குழாய் வாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டினால் தேங்காது. குளவி கூடு கட்டும். கடலோரத்தில் உப்புக்காற்று போல்ட்டையும் டெர்மினலையும் தின்னும்; ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு, இணைப்புகளுக்கு கிரீஸ் தடவி, டேப் சுற்ற வேண்டும். வால்யூமை முழுக்கத் திருப்பிக் கத்தினால் ஒலி நசுங்கி யூனிட் எரியும். கேபிளை மின்வாரியக் கம்பத்தில் கட்டவே கூடாது; அனுமதியும் கிடையாது, உயிருக்கும் ஆபத்து. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது யாருடைய வேலை என்று பெயர் போட்டு எழுதாவிட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் பேட்டரி செத்துக் கிடக்கும்.

பேசும் முறை. 200 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு குழாய்களின் சத்தம் அரை நொடிக்கும் மேல் முன்பின்னாகக் காதில் விழும். வேகமாகப் பேசினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி எதுவும் புரியாது. துண்டு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி விட்டுச் சொல்ல வேண்டும்:

"நாளை, புதன்கிழமை. / மேலத்தெரு, பிள்ளையார் கோயில் தெரு. / காலையில் தண்ணீர் வராது. / மோட்டார் ரிப்பேர். / மாலை 4 மணிக்கு வரும். / மறுபடி சொல்கிறேன்."

"அனைவருக்கும் வணக்கம், நமது ஊராட்சியின் சார்பாகத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்" என்று தொடங்கினால் சேதி வருவதற்குள் ஆட்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. பொது அவசர நிலைக்கு விலக்கு உண்டு. கூம்பு ஒலிபெருக்கிகளைக் காவல்துறை கழற்றச் சொல்வது வழக்கமாக நடப்பதால், அனுமதிக் கடிதத்தின் நகலை ஆம்பிளிஃபயர் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.

சாவி. பெட்டி கோயிலில் இருந்தால் கோயிலுக்குள் போக முடியாதவர் மைக்கைத் தொட முடியாது. கட்சிக்காரர் வீட்டில் இருந்தால் எதிர்க்கட்சிக்காரர் இரங்கல் செய்தி சொல்லவும் தயங்குவார். ஊராட்சி அலுவலகம், பள்ளி, கூட்டுறவுச் சங்கம் என்று பொது இடத்தில் வைத்து மூன்று சாவி போடுங்கள்: ஊராட்சி செயலர், மகளிர் குழுத் தலைவி, குடியிருப்பிலிருந்து ஒருவர்.

## வாட்ஸ்அப் குழு

முதல் செலவு இல்லை என்பதால் எல்லா ஊரும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இதற்கே உரிய பெரிய பலம் ஒன்று: ஊரில் இல்லாத ஊர்க்காரர்களை, வெளிநாட்டில் இருப்பவர் வரை, எளிதாக எட்டுவது இதுதான். ஏரி தூர்வாரப் பணம் கேட்பது, பள்ளிக்கு மேசை வாங்குவது, வெளியூரில் இறந்தவரைக் கொண்டுவருவது போன்றவை திருப்பூரும் துபாயும் குழுவில் இருந்தால்தான் நடக்கும். ரசீதுப் படம், கிராம சபைத் தீர்மான நகல், தண்ணீர்க் குழாய் உடைந்த இடத்தின் போட்டோ ஆகியவற்றையும் வேறு எதிலும் அனுப்ப முடியாது. காது கேளாதவருக்கு எழுத்தில் சேதி சொல்வதும் இதுதான்.

தோற்கும் இடம் வீட்டுக்குள். 400 வீட்டில் 350 வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்று கணக்கு வந்தாலும், அந்த போன் மகன் பையில் கல்லூரிக்குப் போயிருக்கும். வீட்டில் இருப்பது அம்மாவும் பாட்டியும் ஒரு பட்டன் போனும். தண்ணீர் பிடிப்பது அவர்கள்தான். அதனால் வீட்டுக்கு ஓர் எண் என்று வாங்காமல், ஓர் ஆண் எண், ஒரு பெண் எண் என்று இரண்டு வாங்குங்கள். இரண்டாவது எண் கிடைக்காத வீடுகளின் பட்டியலே இந்தக் கருவி யாரை விட்டுவிடுகிறது என்பதற்கான பட்டியல்.

அமைப்பில் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும்.

அறிவிப்புக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று பிரியுங்கள். அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி அமைக்க வேண்டும். சாதாரணக் குழுவில் 1,024 பேர் வரைதான் சேர முடியும். அது நம் ஊருக்குப் போதும். ஆனால் சாதாரணக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஊர்க் குழுவில் சேர்ந்த பெண்ணின் எண்ணுக்கு இரவு பத்து மணிக்கு "ஹாய்" வரத் தொடங்கினால் அவர் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்; ஏன் போனார் என்று அட்மினுக்குத் தெரியவே தெரியாது. வாட்ஸ்அப்பிலேயே உள்ள கம்யூனிட்டி (பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதி) அமைப்பின் அறிவிப்புக் குழுவிலும், சேனலிலும் (ஒருவழி அறிவிப்புப் பக்கம்) மற்ற உறுப்பினர்களுக்கு எண் தெரியாது. பெண்கள் தங்க வேண்டுமென்றால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

அட்மின் எண் தனிமனிதருடையதாக இருக்கக் கூடாது. ஊராட்சிக்கென்று ஒரு சிம், ஒரு போன். தேர்தலில் தலைவர் மாறும்போது பழையவர் குழுவை எடுத்துக்கொண்டு போவதும் புதியவர் இன்னொன்று தொடங்குவதும் சகஜம். ஊர் இரண்டு குழுவாகும்.

ஒவ்வொரு சேதியின் முதல் வரியிலும் தேதி. நவம்பர் வந்தால் எங்கோ, என்றோ ஏரி உடைந்த வீடியோ மறுபடி சுற்றும். "12.11, காலை 7 மணி, நம்ம ஊர் பெரிய ஏரி:" என்று தொடங்குகிற பழக்கம் ஊருக்கு வந்துவிட்டால், தேதி இல்லாத பார்வர்டை யாரும் நம்ப மாட்டார்கள். எழுத்தோடு அதையே 30 நொடி வாய்ஸாகவும் போடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு அதுதான் சேதி.

மறைந்திருக்கும் செலவு அட்மினின் நேரம். எண் மாற்றியவர்களைச் சேர்ப்பது, "தண்ணி எப்ப வரும்" என்ற ஒரே கேள்விக்கு நாற்பது முறை பதில் சொல்வது, சாதிச் சண்டை தொடங்கும் முன் அணைப்பது. இது கூலி இல்லாமல் ஒருவர் ஆறு மாதம் செய்வார், ஏழாவது மாதம் விட்டுவிடுவார். மாதச் சன்மானம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

## குரல் அழைப்பு

கணினி ஒரே நேரத்தில் பல எண்களை அழைத்து, பதிவு செய்த குரலைக் கேட்கச் செய்வது. எழுத்து வேண்டாம், டேட்டா வேண்டாம், பட்டன் போனே போதும். வேறு மாநிலங்களில் இதன் வலு நன்றாகத் தெரிந்திருக்கிறது: 2010-இல் சத்தீஸ்கரில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, பழங்குடி மக்கள் போன் செய்து தங்கள் மொழியிலேயே சேதி பதியவும் மற்றவர் பதிந்ததைக் கேட்கவும் வழி செய்தது. குஜராத்தில் அவாஜ் ஓட்டலோ என்ற சேவையில் விவசாயிகள் கேள்வியைக் குரலில் பதிந்து, பதிலையும் குரலில் கேட்டார்கள். எழுதத் தெரியாதவர் பொதுவில் பேசக் கிடைத்த மேடை அது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைத் தீவிரமாக எண்ணிப் பார்க்கலாம்.

செலவை இப்படிக் கணக்கிடுங்கள். பெரும்பாலான சேவை நிறுவனங்கள் 30 நொடி பல்ஸ் கணக்கில் வாங்கும். 45 நொடி சேதி என்றால் இரண்டு பல்ஸ். 400 எண், மாதம் நான்கு சேதி: 3,200 பல்ஸ். அதே சேதியை 28 நொடிக்குச் சுருக்கினால் 1,600. எழுதிப் படித்து நொடி பார்த்துச் சுருக்குவதில் பாதிப் பணம் மிச்சம்.

நேரமும் கணக்கு. ஒரே சமயத்தில் 30 அழைப்பு போகும் வசதியில், மணி அடிப்பது சேர்த்து ஓர் அழைப்புக்கு 65 நொடி என்றால் 400 எண்ணை முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். எடுக்காதவர்களுக்கு மறுமுறை போட்டால் அரை மணி. மதகு திறக்கும் சேதிக்கு இது போதும். அலை வரும் சேதிக்குப் போதாது.

பெரிய தடை: தெரியாத எண்ணை இப்போது யாரும் எடுப்பதில்லை. கடன், லாட்டரி, மோசடி என்று அவ்வளவு அழைப்பு. அழைக்கும் எண் மாறாமல் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அந்த எண்ணை 100 நாள் வேலைத் தளத்திலும் ரேஷன் கடையிலும் உட்கார்ந்து ஒவ்வொருவர் போனிலும் "நம்ம ஊராட்சி" என்று பதிந்து கொடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் தொடங்கிய திட்டம் முதல் மாதத்திலேயே படுத்துவிடும். முதல் மூன்று நொடியில் யார் பேசுகிறார் என்று ஊருக்குத் தெரிந்த குரலில் வர வேண்டும். சென்னையில் பதிந்த செய்தி வாசிப்பாளர் குரல் வேண்டாம்.

பட்டனை அழுத்தச் சொல்லும் மெனு வைத்தால் மூன்று தேர்வுக்கு மேல் வேண்டாம். விஷயத்தை முதலில் சொல்லி, எண்ணைப் பின்னால் சொல்லுங்கள்: "தண்ணீர் பற்றிக் கேட்க, ஒன்று." எண்ணை முதலில் சொன்னால், எதற்கு என்று கேட்டு முடிப்பதற்குள் எண் மறந்துவிடும். போனைக் காதிலிருந்து எடுத்து அழுத்தி மறுபடி காதில் வைக்க ஆறேழு நொடி தர வேண்டும். பதிந்த கேள்விக்கு இரண்டு நாளில் பதில் வராவிட்டால் மூன்றாவது கேள்வியை யாரும் பதிய மாட்டார்கள். பதில் சொல்ல ஆள் வைக்க முடியாது என்றால் கேள்வி வசதியே வைக்காதீர்கள்.

மொத்தமாக அழைப்பும் குறுஞ்செய்தியும் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறையின் கீழ் பதிவு வேண்டும். அனுப்புநர் பெயர், செய்தி வடிவம் எல்லாம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டியவை. அவசரத்துக்குப் புது வாசகம் எழுதி அன்றே அனுப்ப முடியாமல் போகலாம். ஆகவே வெள்ளம், புயல், குடிநீர், கூட்டம் என்று நான்கு வடிவத்தையாவது அமைதியான நாளிலேயே பதிந்து வையுங்கள்.

## சமுதாய வானொலி

லாப நோக்கமில்லாத அமைப்பு தன் வட்டாரத்துக்காக நடத்தும் சிறிய எஃப்.எம். நிலையம் இது. ஒரு ஊராட்சிக்கு இது பெரிய உடுப்பு. இருபது முப்பது ஊர் சேர்ந்தால் பொருந்தும். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் சென்னையில்தான் தொடங்கியது. 2006-க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்றானது. பாம்பனில் கடல் ஓசை என்ற நிலையம் 2016 முதல் மீனவர்களுக்காகவே ஒலிபரப்புகிறது.

நிலையம் அனுப்பும் அலையின் சக்தி பொதுவாக 100 வாட் வரை, ஆன்டெனா உயரம் 30 மீட்டர் வரை. சமவெளியில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தூரம் வரை எட்டும். விண்ணப்பிக்கும் அமைப்பு குறைந்தது மூன்று வருடம் பதிவில் இருக்க வேண்டும். அலைவரிசை ஒதுக்கீடு, மைய அரசுடன் ஒப்பந்தம் என்று நடைமுறை நீளும். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும். சொந்தச் செய்தியறிக்கை வாசிக்க முடியாது; ஆனால் வானிலை, குடிநீர், மின்தடை, பேரிடர் எச்சரிக்கை போன்ற உள்ளூர்த் தகவல்களுக்குத் தடை இல்லை.

கருவியின் விலையைப் பார்த்து மலைக்கிறார்கள். நிலையத்தை மூட வைப்பது சம்பளம். தினம் சில மணி நேரம் புதிதாக ஒலிபரப்ப மூன்று நான்கு பேராவது முழுநேரம் வேண்டும். 2024-இல் விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடமாகவும் அரசு விளம்பரக் கட்டணத்தை 10 நொடிக்கு 74 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். விளம்பரம் வந்தால்தானே வருமானம். கல்லூரி, கூட்டுறவு ஒன்றியம், நிலையான அறக்கட்டளை என்று முதுகெலும்பு ஏதாவது இருந்தால் மட்டும் இறங்குங்கள். இருந்தால் இதற்கு ஈடு இல்லை: நாற்று நடும் பெண்கள் வேலைக்கு இடையில் கேட்டு, அன்று மாலையே போன் செய்து மறுத்துப் பேச முடிகிற இடம் இது.

## கடலுக்குள் போனவர்களுக்கு

மேற்சொன்ன நான்கும் கரைக்குத்தான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எந்த போனும் எட்டவில்லை. மீன்பிடி ஊர் என்றால் கரையில் ஒரு கடல்சார் வி.எச்.எஃப். (கரையும் படகும் பேசிக்கொள்ளும் ரேடியோ) நிலையமும் படகுகளில் அனுமதி பெற்ற வி.எச்.எஃப். கருவியும் தனிக் கணக்கு. கையடக்கக் கருவி 5 வாட், சில கடல் மைல்தான். கரையில் 25 வாட்டும் உயரமான ஆன்டெனாவும் இருந்தால் இருபது கடல் மைல் அளவுக்குப் பேசலாம். அவசர அழைப்புக்கு 16-ஆம் சேனல். அதற்கு அப்பால் செயற்கைக்கோள் வழிக் கருவிதான். இந்தப் பணத்தை மைக் செட் பணத்தோடு கலக்காதீர்கள்.

## எந்த ஊருக்கு எது

வீடுகள் நெருக்கமாக உள்ள ஊர், வெள்ளமோ புயலோ அடிக்கும் இடம் என்றால் மைக் செட் முதலில். நம் மாதிரி ஊருக்கு ஆறு குழாய், ஆம்பிளிஃபயர், பேட்டரி, கேபிள், கம்பம் எல்லாம் சேர்த்து முதலில் விலைப்பட்டியல் வாங்குங்கள். கூடவே அட்மின் மட்டும் எழுதும் வாட்ஸ்அப். மைக்கில் சொன்னதை அப்படியே குழுவில் போட்டால் தவறவிட்டவருக்கும் வெளியூர்க்காரருக்கும் போய்விடும்.

வீடுகள் தோப்புக்கும் வயலுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் ஊர், மலைக் கிராமம் என்றால் குழாய் கட்டிப் பயனில்லை. குரல் அழைப்பு முதலில். டவர் சிக்னல் வீட்டுக்குள் வருகிறதா, மேட்டில் ஏறினால்தான் வருகிறதா என்பதைப் பட்டியல் எடுக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத குக்கிராமத்துக்கு நேரில் போய்ச் சொல்ல ஓர் ஆளுக்குச் சம்பளம் போட வேண்டும். அதையும் தகவல் தொடர்புச் செலவாகவே எழுதுங்கள்.

பாதிப் பேர் வெளியூரில் வேலை செய்யும் ஊருக்கு வாட்ஸ்அப் முதலில். ஆனால் ஊரிலேயே இருக்கும் முதியவர்களுக்கு மட்டும் ஒரு குரல் அழைப்புப் பட்டியல். நூறு எண்ணுக்குச் செலவு மிகக் குறைவு.

கிராம சபைக்கு ஆள் வரவில்லை என்பதுதான் குறை என்றால் எந்தக் கருவியும் தனியாக அதைச் சரிசெய்யாது. ஆனால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு கூட்டத்துக்கும் ஒரு வாரம் முன்பே பொருள்பட்டியலைக் குரலில் அனுப்பி, மக்கள் சேர்க்க விரும்புவதைப் பதியச் சொல்லி, பதிந்ததைக் கூட்டத்தில் மைக்கில் போட்டுக் காட்டினால் அடுத்த முறை வருவார்கள்.

அரசின் புயல் எச்சரிக்கை இப்போது போனுக்கே நேராக வருகிறது. ஊர்க் கருவி அதை மறுபடி வாசித்தால் போதாது. "எந்த வாய்க்கால், எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும், சாவி யாரிடம்" என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும்.

## வாங்கும் முன் ஒரு சோதனை

விற்பனையாளரிடம் கையெழுத்துப் போடுமுன் இதைச் செய்யுங்கள். மைக் செட் என்றால் வாடகைக்கு எடுத்து, கட்டப்போகும் இடங்களிலேயே தற்காலிகக் கம்பு நட்டுக் குழாய் கட்டுங்கள். வாட்ஸ்அப், குரல் அழைப்பு என்றால் இருக்கிற எண்களை வைத்து அனுப்புங்கள். சேதியில் ஒரு விவரம் மாறுதலாக இருக்கட்டும்: வழக்கமாக 6 மணிக்கு வரும் தண்ணீர் நாளை 5.20-க்கு வரும் என்பது போல. சொன்னபடியே 5.20-க்குத் திறந்துவிடவும் வேண்டும். பொய்ச் சேதி சொன்னால் கருவி தொடங்கும் முன்பே நம்பிக்கை போய்விடும்.

மறுநாள் தெருவுக்கு ஒருவராக, அந்தத் தெருக்காரரே அல்லாத ஒருவர், ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கேள்வி கேட்கட்டும்: நேற்றுச் சேதி வந்ததா? எத்தனை மணி என்று சொன்னார்கள்? வீட்டில் யாருக்குத் தெரியாது? "வந்துச்சு, ஆனா புரியல" என்ற பதிலை வரவில்லை என்றே குறியுங்கள். காற்று மாறும் வேறொரு நாளில் இன்னொரு முறை.

ஊர் மொத்தத்துக்கும் சராசரி போடாதீர்கள். தெருவாரியாக எழுதி, கடைசியில் நிற்கும் தெருவின் எண்ணிக்கையை ஊராட்சிக் கூட்டத்தில் முதலில் வாசியுங்கள். அந்தத் தெருவில் பத்து வீட்டில் மூன்றுக்கு மேல் விடுபட்டால், குழாயை நகர்த்துங்கள், எண்களை மறுபடி சேகரியுங்கள், இல்லையென்றால் வேறு கருவியைச் சேர்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இதே சோதனையை ஒவ்வொரு செப்டம்பரிலும், மழை தொடங்குமுன், செய்ய வேண்டும்.